காம்போரம் ஒரு துளை: ஆலிவ் அந்துப்பூச்சியைப் பார்த்தவர்கள்

ஹாயென், ஸ்பெயின்

செப்டம்பர் கடைசி. தோப்பில் கால் வைத்த இடமெல்லாம் பச்சைக் காய். காற்றும் இல்லை, மழையும் இல்லை. தோப்புக்காரர் குனிந்துகூடப் பார்க்காமல் "சான் மிகேல் உதிர்வு" என்றார். செப்டம்பர் 29 அந்தப் புனிதரின் திருநாள். அதையொட்டி விழுவதால் அந்தப் பெயர்.

ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் எங்கும் தோல் கெடவில்லை. காம்பு இருந்த குழியில் மட்டும் சின்னத் துளை. கொட்டையைக் கல்லால் தட்டினால் உள்ளே பருப்பே இல்லை, கறுத்த எச்சம்தான். ஆலிவ் ஈ என்றால் சதையைத் தின்று பக்கவாட்டில் துளை போட்டிருக்கும். இது பிரேய்ஸ் ஒலியே என்ற அந்துப்பூச்சியின் வேலை. ஜூனில் இளம் பிஞ்சின் புல்லிவட்டத்தில், அதாவது காம்படியில் ஒட்டியிருக்கும் பச்சைக் கிண்ணத்தில், முட்டையிடும். கொட்டை இறுகுவதற்குள் புழு உள்ளே போய்விடும். கோடை முழுக்கப் பருப்பைத் தின்று, காம்படி வழியாக வெளியே வரும். அப்போதுதான் காயின் பிடி அறுகிறது.

பூச்சியை அப்புறம் அக்டோபரில்தான் பார்த்தேன், பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியின் ஒட்டும் அட்டையில். அரிசி நீளம், வெள்ளிச் சாம்பல் நிறம், கரும்புள்ளிகள். அவ்வளவு காயையும் கொட்டியது இதுவா என்று நம்பவே முடியவில்லை.

பலெர்மோ, சிசிலி

அண்ணா, நான் கண்டது மே மாதம். பூங்கொத்துகள் நூல் சுற்றிப் பழுப்பாகிக் கிடந்தன. லேசாகத் தட்டினால் புழு நூலில் தொங்கியது. பதறிப்போய் முதலாளியிடம் ஓடினேன். இந்த மரத்தில் நூறு பூவுக்கு ஒன்றிரண்டுதான் காயாகும், கனக்கப் பூத்த வருடத்தில் இது பெரிய நட்டமில்லை, விடு என்றார்.

நீங்கள் சொன்ன அக்டோபர் பூச்சிகளின் பிள்ளைகளை நான் குளிர்காலத்தில் பார்த்தேன். ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்தபோது, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே வளைந்த கோடு ஒன்று தெரிந்தது. புழு இலைக்குள்ளேயே குளிரைக் கழிக்கிறது. இலை, பூ, காய் என்று வருடத்துக்கு மூன்று தலைமுறை, ஒரே மரத்தில்! எனக்கு அது இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

இந்த ஜூனில் பிஞ்சுகளை லென்ஸ் வைத்துப் பார்க்கப் போகிறேன். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குஞ்சுப்புழுக்கள் அந்துப்பூச்சி அங்கே இடும் முட்டைகளைத் தேடித் தின்னும். அவற்றையும் சேர்த்துத் தேடுவேன்.