புது ஊரில் வாடகையா, சொந்த வீடா? கணக்கு இடிக்கிறது

வேலை மாற்றலாகிப் புது ஊருக்குக் குடிபோகிறோம். வாடகைக்கு இருப்பதா, வாங்கிவிடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

அங்கே 3 ஆண்டுக்குத்தான் வேலை உறுதி. பார்த்து வைத்திருக்கும் வீட்டின் விலை, அதே கட்டடத்தில் அதே அளவு வீட்டின் ஆண்டு வாடகையைப் போல 28 மடங்கு. கடன் வட்டி 8.5%, முன்பணம் 20%.

மாதத் தவணையை வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அது சரிவராது, தவணையில் அசல் பங்கு சேமிப்புதானே. அதனால் வட்டி, பராமரிப்பு 1%, முன்பணம் வேறிடத்தில் ஈட்டக்கூடிய 6%, எல்லாம் சேர்த்தேன். முதல் ஆண்டில் வீட்டு விலையில் சுமார் 9% செலவு. வாடகையோ 3.6%தான். பத்திரப்பதிவு, தரகு என வாங்கவும் விற்கவும் ஆகும் செலவை 10% என்று வைத்தால், 3 ஆண்டில் விற்கும்போது அதுவே ஆண்டுக்கு 3.3% கூடுகிறது. 7 ஆண்டு இருந்தால் 1.4%தான்.

இணையக் கணிப்பான்களும் உதவவில்லை. விலையேற்றத்தை 4% என்று போட்டால் வாடகை, 9% என்றால் வாங்கு என்கின்றன. தரகர் சொல்வதைக் கேட்கவே வேண்டாம்.

3 ஆண்டுக்குமேல் உறுதியில்லாத நிலையில், வீட்டு விலை ஆண்டு வாடகையைப் போல எத்தனை மடங்குக்குள் இருந்தால் நீங்கள் வாங்குவீர்கள்?