சோழவந்தான் பக்கம் பாடுன வெள்ளப் பாட்டு, யாருக்காச்சும் முழுசா தெரியுமா?

கேள்வி:
அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பத்தா வீட்டுப் பரண்ல ஒரு கேசட் கெடச்சுச்சு, மேல பேனாவுல 'கொடிக்கால் பாட்டு'ன்னு மட்டும் எழுதியிருக்கு. உறுமி அடிக்க ஒரு அம்மா பாடுறாங்க, அணை நெறஞ்சுக்கிட்டே வருது, வெத்தலக் கொடிக்கால வித்து பிளாட் போட்டாச்சு, இனி தண்ணி எங்கிட்டுப் போகும்னு கேக்குறாங்க, கேக்கயில வயித்தப் பெசையுது. மூணாவது சரணம் தொடங்கயில டேப் இழுத்து நின்னுருச்சு. கடையில எங்கயும் வெளிவராத பாட்டு.

பதில் 1:
தம்பி, திரும்ப ஓட்டிப் பாக்காதீக, அறுந்துரும். நடுவுல டேப்ப அமுக்குற குட்டிப் பஞ்சு விழுந்துருக்கான்னு பாருங்க. ஸ்குரூ போட்ட வேற கேசட் கூட்டுக்குள்ள சுருள மாத்துனா பெரும்பாலும் ஓடிரும். வெள்ளையா பூசணம் இருந்தா மட்டும் கைய வைக்காம தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

பதில் 2:
எங்க அத்தை நாத்து நடயில இதப் பாடுவாக! மூணு சரணமும் மூணு வெள்ள எச்சரிக்கை தம்பி, வைகை அணை மொத்தம் 71 அடி, 66ல மொத எச்சரிக்கை, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது விட்டுட்டு உபரித் தண்ணியத் தொறப்பாங்க. மூணாவதுல ஒருத்தி மாட்ட அவுத்து விட்டுட்டு வாசல்லயே நிப்பா, அதுக்கு மேல அத்தை பாட மாட்டாக, அழுதுருவாக.

கேள்வி கேட்டவர்:
அக்கா, அத்தை இப்பவும் பாடுவாங்களா? ஞாயித்துக்கிழம போனோட வரட்டுமா?

பதில் 2:
வாப்பா. காலையிலயே வந்துரு, மத்தியானத்துக்கு மேல தொண்ட கட்டிரும்.