ஐசியூ (தீவிர சிகிச்சைப் பிரிவு) அனுபவம் இருந்தால் செவிலியர் மயக்கவியல் பயிற்சிக்குப் போகலாமா? அது மட்டும் போதுமான காரணமா? புனைபெயரில் மூவர் வாதிடுகிறார்கள்.

இரவுப்பணி:
"ஏன் மயக்கவியல்?" என்ற கேள்விக்கு அனுபவமுள்ள செவிலியர்கள் பலர் சொல்லும் பதில்: "வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் எல்லாம் கைவந்தவை, அடுத்த படி இதுதான்." இதை நான் ஏற்கவில்லை. இது அடுத்த படி அல்ல, வேறு வேலை. ஐசியூவில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து கிலோவுக்கு நிமிடத்துக்கு 25 மைக்ரோகிராம் ஓடுகிறது என்று வையுங்கள். 70 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்கு 1.75 மி.கி. அறுவை அரங்கில் மயக்கம் தொடங்கக் கிலோவுக்கு 2 மி.கி., மொத்தம் 140 மி.கி. அங்கே 80 நிமிடத்தில் போகும் மருந்து இங்கே அரை நிமிடத்தில் போகிறது. மூச்சு நிற்கும், ரத்த அழுத்தம் சரியும். மருந்து செலுத்தும் பம்பைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக் காத்திருந்து பழகிய கைக்கு இது புதிது.

தலைமாடு:
கணக்கு சரி, முடிவு தவறு. அழுத்தம் 84/40 என்று வந்தால் நல்ல ஐசியூ செவிலியர் உடனே நாடியைப் பார்ப்பார். 120 என்றால் ரத்தமோ திரவமோ குறைகிறதா என்று தேடுவார். 48 என்றால் அழுத்தத்தை ஏற்றும் ஃபினைல்எஃப்ரின் நாடியை இன்னும் இறக்கும், நாடியையும் சேர்த்து ஏற்றும் எஃபிட்ரின் 5 முதல் 10 மி.கி. பொருத்தம் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் மருத்துவரின் ஆணை வரும்வரை நிற்க வேண்டும். பார்ப்பவரே முடிவெடுத்து, அவரே மருந்தைச் செலுத்தும் இடம் மயக்கவியல். பலரை இழுப்பது அதுதான், அதில் என்ன குறை?

இரவுப்பணி:
செலுத்தும் இடத்தில்தான் ஆபத்தும். ஃபினைல்எஃப்ரின் ஆம்ப்யூலில் 1 மி.லி.க்கு 10 மி.கி. இருக்கும். அதை 100 மி.லி. சலைனில் கலந்தால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம், ஒரு தடவைக்கு அரை முதல் 1 மி.லி. கலக்காமல் அதே 1 மி.லி.யை ஏற்றினால் 100 மடங்கு. கலந்து, பெயர் ஒட்டி வரும் பைகளோடு பழகியவர்களுக்கு இந்தக் கணக்கைத் தாமே போடும் பழக்கம் இருப்பதில்லை.

குழல்வழி:
இருவரும் அழுத்தத்திலேயே நிற்கிறீர்கள். என் கவலை மூச்சுவழி. ஐசியூவில் நோயாளி பெரும்பாலும் மூச்சுக்குழாயில் போட்ட ட்யூபோடுதான் கைக்கு வருகிறார். இங்கே அதைப் போடுவதே நாம். முகமூடியை இறுக்கி 3 நிமிடம் ஆக்சிஜன் கொடுத்து, வெளிமூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதம் வந்தால் ஆரோக்கியமானவருக்கு மூச்சு நின்றபின் ரத்தத்தில் ஆக்சிஜன் சரியும் முன் சுமார் 8 நிமிடம் கிடைக்கும். உடல் பருமனானவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் 3 நிமிடம்கூடக் கிடைக்காது. கன்னத்தோரம் காற்று கசிந்தால் அதுவும் போச்சு. ட்யூப் உணவுக்குழாயில் போனாலும் ஆக்ஸிமீட்டர் 98 என்றே சில நிமிடம் காட்டும். அதை நம்பக்கூடாது. மானிட்டரில் வெளிமூச்சின் கார்பன்டையாக்சைடு அலை 7 மூச்சுக்காவது தொடர்ந்து வர வேண்டும். இரண்டு மூன்று மூச்சில் தேய்ந்து மறைந்தால் அது வயிற்றுக் காற்று. ட்யூபை எடுத்துவிட்டு முகமூடிக்குத் திரும்புங்கள்.

தலைமாடு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் இந்தப் படிப்பில் சேரக் குறைந்தது 1 ஆண்டு தீவிர சிகிச்சை அனுபவம் கேட்கிறார்கள். காரணமில்லாமலா?

இரவுப்பணி:
1 ஆண்டு கேட்டுவிட்டு, படிப்பு முடிவதற்குள் 600 பேருக்காவது மயக்கம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அந்த 600 எதற்கு? "10 ஆண்டு ஐசியூ" என்று விண்ணப்பத்தில் எழுதுபவர், ஆணைக்குக் காத்திருந்த அந்த நிமிடத்தில் தனக்கு எது தெரியாமல் இருந்தது என்பதை எழுதட்டும். அந்த விண்ணப்பத்தை நானும் ஆதரிப்பேன். ஆண்டுக்கணக்கை மட்டும் காட்டுவதை இப்போதும் ஏற்க மாட்டேன்.