அப்பிங்டனில் வாடகை வீடு: கரண்ட் செலவு பற்றி உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். மகனுடைய வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருந்து அப்பிங்டன் போகிறோம். கலஹாரி பாலைவன ஓரம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றுக்கு வாடகை குறைவு, ஆனால் தகரக் கூரை, சீலிங்குக்கு மேலே வெப்பத்தைத் தடுக்க எதுவும் போடவில்லை. மேற்கு வெயில் நேராகப் படுக்கையறை ஜன்னலில் அடிக்கிறது. கீசரும் கரண்டில்தான். மற்றது மாதம் 1,500 ரேண்ட் கூடுதல்; சோலார் கீசர் இருக்கிறது.

எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. அம்மாவுக்குச் சூடு தாங்காது, பகல் முழுக்க ஏசி ஓடும். அங்கே குடியிருக்கிறவர்கள் சொல்லுங்கள்: ஜனவரியில் ப்ரீபெய்டு மீட்டருக்கு எவ்வளவு போடுகிறீர்கள்? வறண்ட காற்று என்பதால் தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரே போதுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.