18,000 ரூபாய்க்குப் பள்ளிக்கு எந்த வாத்தியம் வாங்கலாம்?

கணக்கு டீச்சர், பாலக்கோடு பக்கம்:

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்களுக்குப் பாட்டு டீச்சர் கிடையாது. போன வருஷம் கலைத் திருவிழா வேலையை “நீங்கதான் நல்லாப் பாடுவீங்களே” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் பாடுவது மார்கழியில், அதுவும் கோயில் மைக் ரிப்பேர் ஆகாத நாளில். கருவி இசையில் தோல், காற்று, தந்தி என்று பிரிவுகள். எல்லாவற்றிலும் எங்கள் பள்ளிக்கு நேராக ஒரு கோடு போட்டு அனுப்பினேன்.

இப்போது பழைய மாணவர்கள் 18,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். ஹெச்.எம். ரெண்டு கீபோர்டு வாங்கிவிடலாம் என்கிறார். பீரோவில் ஓர் ஆர்மோனியம் கிடக்கிறது, துருத்தியை எலி கடித்துவிட்டது. எட்டாவது, ஒன்பதாவதில் இருபது பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள். வாரம் ரெண்டு சாயங்காலம் முக்கால் மணி நேரம் கிடைக்கும். அஞ்சரை பஸ்ஸை விட்டால் பாதிப் பேருக்கு வீடு போக வழியில்லை. என்ன வாங்கலாம், யார் சொல்லித் தருவார்கள்?

ஓசூர்க்காரன்:

ரெண்டு கீபோர்டுக்கு இருபது பிள்ளையா? பதினெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கணும். கரண்ட் போனா இருபது பேரும்.

ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார், கிருஷ்ணகிரி:

டீச்சர், ஆளைத் தேடிட்டு அப்புறம் வாத்தியம் வாங்குங்க. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வயலின் நாலு வந்து இறங்குச்சு. வாசிக்கத் தெரிஞ்சவர் மாறுதலாகிப் போனார். நாலும் உறையோட அப்படியே இருந்துச்சு, தந்தி மட்டும் துருப்பிடிச்சுப் போச்சு.

2012இல் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை எடுத்தப்போ ஓவியம், தையலோட இசைக்கும் எடுத்தாங்க. பக்கத்துப் பள்ளிகளில் விசாரிங்க. இல்லேன்னா அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இந்திய இசை லோயர், ஹையர் பாஸ் பண்ணினவங்க ஊருக்கு ஒருத்தராவது இருப்பாங்க, தையல் மெஷின் மிதிச்சுக்கிட்டோ மளிகைக் கடையில் உட்கார்ந்துக்கிட்டோ.

ஆள் கிடைச்சா புல்லாங்குழல். எட்டு ஓட்டை கர்நாடகக் குழல், எல்லாம் ஒரே சுருதியில், அஞ்சு கட்டையில் இருக்கணும். இதில் விட்டுக்கொடுக்காதீங்க. குமாரசாமிப்பேட்டை தேர்க்கடையில் விக்கிற குழலெல்லாம் ஒண்ணு ஒரு சுருதியில் இருக்கும், இருபது பேர் சேர்ந்து ஊதினா சந்தைதான். ஆளுக்கொரு குழல், எச்சில் பிரச்சினையும் இல்லை, பையிலேயே போயிரும். முதல் பத்து நாள் வெறும் காத்துதான் வரும். சிலது தலை சுத்துதுன்னு உட்காரும், பயப்படாதீங்க.

கணக்கு டீச்சரான உங்களுக்கு ஒரு வசதி இருக்கு. ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், அட்சரத்துக்கு (ஒரு தட்டுக்கு) ஒரு சுரம், ரெண்டாம் காலத்தில் ரெண்டு, மூணாம் காலத்தில் நாலு. அரை, கால் எல்லாம் தொடையில் தட்டியே நடத்திடலாம்.

மிச்சப் பணத்தில் ஒரு மிருதங்கம். இருபது பேரில் நாலு பேருக்கு வாய் வராது, கை வரும்.

ரெண்டு பிள்ளை அம்மா, காவேரிப்பட்டணம்:

கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கே என்று யாராவது சொல்வார்கள். நானும் ஓடினேன். நாகஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் எல்லாம் உண்டு. ஆனால் அது பகல் முழுக்க நடக்கிற மூன்று வருஷப் படிப்பு. ஸ்கூல் போகிற பிள்ளைக்கு ஒத்துவராது. சனி, ஞாயிறில் பிள்ளைகளுக்கு அரசு கலை சொல்லித் தரும் ஜவகர் சிறுவர் மன்ற வகுப்புகளைக் கேட்டுப் பாருங்கள். என் பெரியவள் அங்கேதான் போனாள்.

பம்பைக்காரர் மகன்:

வாத்தியார் சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். நம்ம பக்கம் மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பை அடிக்கிற வீட்டுப் பையனோ, கூத்துக்கு மிருதங்கம் வாசிக்கிற வீட்டுப் பொண்ணோ உங்க பள்ளியிலேயே இருக்கும். வகுப்பில் கேட்டா சொல்லாது. எங்கப்பா பம்பை அடிக்கிறார்னு பத்தாவது முடிக்கிற வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லலை. பண்டிகையில் பார்த்தவன் மறுநாள் பெஞ்சில் தாளம் போட்டுக் கூப்பிடுவான். தனியா கேளுங்க டீச்சர். எங்கப்பாவை எந்தப் பள்ளியும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தா காசே வாங்கியிருக்க மாட்டார்.

கணக்கு டீச்சர், பாலக்கோடு பக்கம்:

உங்கள் பதிவைப் படிப்பதற்கு முன்னாலேயே வகுப்பில் கேட்டுத் தொலைத்துவிட்டேன் தம்பி. ஒருவரும் கை தூக்கவில்லை. சாயங்காலம் ஏழாவது பையன் ஒருவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான். பேர் கொடுத்த இருபதில் அவன் இல்லை. “எங்க சித்தப்பா கூத்துக்கு மிருதங்கம் வாசிப்பாரு டீச்சர், செங்கல் சூளைக்குப் போறாரு, வெள்ளிக்கிழமை லீவு.” வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

குழலுக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஹெச்.எம். கீபோர்டு கடையில் விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறார், அவரிடம் பேச வேண்டும். வாத்தியார் ஐயா, மிருதங்கத்துக்கு ரவை வேண்டும் என்று பையன் சொல்கிறான். எவ்வளவு வாங்கி வைக்கணும்?

ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார், கிருஷ்ணகிரி:

ஒரு பிடி போதும். தண்ணி விட்டுப் பிசைஞ்சு இடந்தலையில், அதாவது மிருதங்கத்தோட இடது பக்கத் தோலில், அவரே அப்பிக்குவார். வாசிச்சு முடிச்சதும் சுரண்டி எடுத்துடச் சொல்லுங்க. உங்க பீரோவில் எலி இருக்கு.