கடைசி இடத்து அணியோடு ஆட்டம் என்றால் எனக்குப் பயம்

ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஆட்டம். எதிரணி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கிறது. இந்தச் சுற்றில் இன்னும் ஒரு வெற்றிகூட இல்லை. கல்லடித் தேநீர்க் கடையில் "எத்தனை கோல்?" என்பதுதான் பேச்சு. வெல்வோமா என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது.

நான் இங்கிலாந்துக் கழகமான லிவர்பூலின் ரசிகன். 2023 மார்ச் 5ஆம் திகதி மன்செஸ்டர் யுனைட்டெட்டை 7-0 என்று நொறுக்கினோம். அந்த வாரம் எங்களுக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த ஆட்டம் 11ஆம் திகதி, போர்ன்மவுத்தின் மைதானத்தில். அவர்கள் 20 அணிகளில் 20ஆவது இடம். அதே பருவத் தொடக்கத்தில், 2022 ஓகஸ்டில், அவர்களை நாங்கள் 9-0 என்று வென்றிருந்தோம். பிறகு என்ன கவலை? எங்கள் நேரம் மாலை 6 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. 28ஆவது நிமிடத்தில் அவர்களின் பிலிப் பில்லிங் கோல் அடித்தார். அதன்பிறகு அவர்கள் எல்லாரும் பின்னுக்கு நின்று மறித்தார்கள். பந்து எங்களிடமே இருந்தது, வழிதான் கிடைக்கவில்லை. எங்கள் சலாவின் தண்ட உதை (பெனால்டி) கம்பத்துக்கு வெளியே போனது. 1-0. காத்தான்குடி நண்பர், யுனைட்டெட் ரசிகர், இரவு தொலைபேசியில் அழைத்தார். "ஏழு கோலும் இன்றைக்கு உதவவில்லையே, மச்சான்" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அது ஒரு நாள் விபத்து என்றும் சொல்ல முடியாது. முந்திய ஒக்டோபரில் கடைசி இடத்தில் இருந்த நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் எங்களை 1-0 என்று வென்றது. அடுத்த வாரமே, பருவ முடிவில் தரமிறங்கிப் போன லீட்ஸ், எங்கள் சொந்த மைதானத்தில் 2-1 என்று வென்றது. இந்த மூன்று தோல்விகளில் 9 புள்ளிகள் போயின. கடைசியில், ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக்கில் இடம் கைநழுவியது 4 புள்ளிகளால். அந்தக் கணக்கு இப்போதும் நெஞ்சைக் குடைகிறது.

இனி நம் எதிரணிக்கு வருகிறேன். அவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். நல்ல ஆட்டக்காரர்கள் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் கடலுக்குப் போகும் சிலரும்தான். கடந்த வாரம் கல்லடிக் கடற்கரையில் சைக்கிளை நிறுத்தி அவர்களுடைய பயிற்சியைப் பார்த்தேன். பதினொரு பேர்கூட வந்திருக்கவில்லை. மணலில் இரண்டு செருப்புகளை ஊன்றிக் கோல் கம்பமாக்கியிருந்தார்கள். இடதுகாலால் அடிக்கும் ஒரு தம்பி கோர்னர் எடுக்கிறான். பந்து முன்கம்பத்துப் பக்கம் வளைந்து வருகிறது. நெட்டையான ஒருவன் ஓடிவந்து தலையால் முட்டுகிறான். தவறினால் மறுபடியும் அதே கோர்னர், அதே ஓட்டம். கோல் காப்பாளனின் சட்டை முதுகு முழுக்க ஈரமணல் அப்பியிருந்தது. இருட்டும் வரைக்கும் அவர்கள் வேறெதுவும் பழகவில்லை.

அணித்தலைவனிடம் ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டேன். "ஒரு கோல் போதும் அண்ணா. அதை அடித்துவிட்டால் எல்லாரும் பின்னுக்கு நின்று மறிப்போம்" என்றான். எனக்குப் போர்ன்மவுத்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் மீது மதிப்பும் வந்தது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணி, பயிற்சிக்கு வருவதே பெரிய காரியம்.

எங்கள் பயிற்றுநரிடம் பேசிவிட்டேன். கோர்னர் வரும்போது முன்கம்பத்தில் உயரமான ஒருவர் நிற்க வேண்டும். பின்வரிசைத் தம்பிமார் கோல் ஆசையில் எல்லாரும் மேலே ஏறிவிடக் கூடாது. அவரும் தலையாட்டினார். கழகத்துத் தம்பிமார் காதில் எவ்வளவு ஏறும் என்பது தெரியவில்லை; அவர்களில் சிலர் இப்போதே வெற்றி விருந்துக்குக் காசு சேர்க்கிறார்கள்.

மைதானத்துக்கு வருகிறவர்கள் இரண்டாம் பாதியில் வந்து கோல் எண்ணலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதல் விசிலுக்கே வாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சத்தம் தேவைப்படுவது அந்த முதல் அரை மணித்தியாலத்தில்தான்.