கோசா மொழி கற்பிப்பவர்கள்: பெயர் வகுப்புகளில் மாணவர்கள் இடறும் இடங்கள்

முதல் நாளே முழு அட்டவணையையும் பலகையில் எழுதாதீர்கள். தென்னாப்பிரிக்க மொழியான கோசாவில் பெயர்ச்சொற்கள் முன்னொட்டைப் பொறுத்து எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரியும்; எண் 15 வரை போகும். நடுவில் 12, 13 கிடையாது. கோசாவின் குடும்பமான பாண்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட எண்கள் என்று விளக்கியே நேரம் போய்விடும். வகுப்புக்கு நாலைந்து பெயர்ச்சொல், வினை ஒன்றே ஒன்று: ஹம்பா, அதாவது ‘போ’. உம்ண்டு உயஹம்பா, மனிதர் போகிறார். அபண்டு பயஹம்பா, மனிதர்கள் போகிறார்கள். தமிழில் வினையின் வாலில் வருவது இங்கே தலையில் வருகிறது.

*

அந்தத் தலையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெயரின் முன்னொட்டில் ம், ன் இருந்தால் அது உதிர்ந்து உயிர் மட்டும் மிஞ்சும்: உம்- என்பது உ, இமி- என்பது இ, அம- என்பது அ. வேறு மெய் என்றால் நிற்கும்: அப- என்பது ப, இசி- என்பது சி, உலு- என்பது லு.

சறுக்குவது 10-ஆம் பெயர் வகுப்பில். இமோட்டோ ஒரு கார், ஈமோட்டோ பல கார்கள். பன்மைக்கு வினை ஃஸியஹம்பா. ஈ-யைப் பார்த்து ‘இயஹம்பா’ என்பார்கள். குறில் நெடில் நம் காதுக்குப் பழக்கம், ஆங்கிலக் காதுக்கு இல்லை. நமக்கு வம்பு வேறு: இசிகோலோ பள்ளி, இஃஸிகோலோ பள்ளிகள். அந்த அதிரும் ஃஸ (ஆங்கில z) வராவிட்டால் ஒருமையும் பன்மையும் ஒன்றுதான்.

*

மேலே சொன்னதில் ‘இ’யில் தொடங்கும் சொற்களை விட்டுவிட்டீர்களே. இகாமா (பெயர்) 5-ஆம் வகுப்பு, இமோட்டோ 9. பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் ‘என்’ சேர்த்தால் இகாமா லம், இமோட்டோ யம். 5-இன் முழு முன்னொட்டு இலி-; ஒளிந்திருந்த ‘ல’ அங்கே எட்டிப் பார்க்கிறது. ‘என் பெயர் இன்னது’ என்பது எல்லாரும் முதலில் படிக்கும் வாக்கியம். அப்போதே இதைக் காட்டிவிடலாம்.

1, 3 இரண்டுக்கும் உம்-, வினையிலும் உ. உம்ண்டு மனிதர், உம்தி மரம். பிரிவது செயப்படுபொருளில்: மனிதரென்றால் ‘ந்டியம்போனா’, மரமென்றால் ‘ந்டியவுபோனா’. இரண்டுமே ‘பார்க்கிறேன்’தான். தேர்வில் ‘உயஹம்பா’ மட்டும் கேட்டால் இந்தக் குழப்பம் வெளியே தெரியாது.

*

பன்மையை வைத்து வகுப்பை ஊகிக்கச் சொல்பவர்கள் கவனிக்க: இண்டோடா (ஆண்) 9, பன்மை அமடோடா 6. கோசா இனத்தவர் ஒருவர் உம்கோசா, பலர் அமகோசா, அப- இல்லை. ஆசிரியர் உடிட்ஷலா, பன்மை ஓடிட்ஷலா, வினையிலோ ப-: ஓடிட்ஷலா பயஹம்பா. அதனால் மாணவர்கள் சொல் படிக்கும் அட்டையின் முன்புறம் பெயர்ச்சொல், பின்புறம் பன்மையோடு ‘என்’ சேர்ந்த வடிவம்: அமடோடா அம், இண்டோடா யம். வகுப்பு எண்ணை ஓரத்தில் பென்சிலால் சிறிதாக எழுதினால் போதும்.